மார்ஜரி வாரன்

மார்ஜரி வின்சம் வாரன் (அக்டோபர் 28, 1897 - செப்டம்பர் 5, 1960) இங்கிலாந்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஆவார். முதுமையில் வரும் நோய்களை ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் முதியோர் மருத்துவம் என்னும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவர். இதனால் இவர் அத்துறையின் தாய் என அழைக்கப்படுகிறார். குணமாகாதவர்கள் என்று கைவிடப்பட்டுப் படுக்கையில் கிடத்தப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான முதியோரை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, அவர்களுள் பலரை எழுந்து நடமாடச் செய்தார். முதியோருக்கான செவிலியப் பராமரிப்பு, மறுவாழ்வுச் சிகிச்சை, மருத்துவமனை அமைப்பு ஆகிய மூன்றிலும் இவருடைய பணி நிலையான மாற்றங்களை ஏற்படுத்தியது.

பிறப்பும் கல்வியும்

மார்ஜரி வாரன் இலண்டனில் பிறந்தார். ஐந்து பெண்மக்களுள் இவர் மூத்தவர். வட இலண்டன் கல்லூரிப் பள்ளியில் கல்வி கற்றார். 1850 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பள்ளி, பெண்களுக்கு உயர்தரக் கல்வி வழங்கிய முன்னோடிப் பள்ளிகளுள் ஒன்றாகும். பின்னர் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியிலும் அதனோடு இணைந்த ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலும் மருத்துவம் பயின்று 1923 ஆம் ஆண்டில் மருத்துவராகத் தகுதி பெற்றார்.

1926 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மேற்கே ஐசல்வர்த் என்னும் இடத்தில் இருந்த மருத்துவமனையில் உதவி மருத்துவ அலுவலராகச் சேர்ந்தார். இது பின்னர் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. அறுவை மருத்துவத்தில் ஆர்வம் கொண்டிருந்த வாரன், 1931 இல் அங்கு துணை மருத்துவக் கண்காணிப்பாளராக உயர்ந்தார். தம் வாழ்நாளின் இறுதிவரை இவர் இதே மருத்துவமனையில் பணியாற்றினார். முதியோர் மருத்துவம் இவர் தேடிச் சென்ற துறை அன்று. நிர்வாக மாற்றம் ஒன்றினால் அப்பொறுப்பு இவரிடம் வந்து சேர்ந்தது.

பின்னணி: ஏழையர் சட்டமும் முதியோரும்

இங்கிலாந்தில் 1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்படி, வாழ வழியற்றவர்கள் வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் இல்லங்களில் சேர்க்கப்பட்டனர். உழைக்க இயலாத முதியோரும், நெடுநாள் நோயாளிகளும், ஆதரவற்ற தாய்மாரும் அங்கேயே வந்து சேர்ந்தனர். இவ்வில்லங்களோடு நோயாளிகளுக்கான கூடங்களும் இணைந்திருந்தன. நன்கொடையால் நடந்த பெரிய மருத்துவமனைகள், குறுகிய காலத்தில் குணமாகக்கூடிய நோயாளிகளையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றதும் அம்மருத்துவமனைகளிலேயே. எனவே பக்கவாதத்தால் விழுந்த முதியவர் ஒருவரை மாணவர்கள் தொடர்ந்து கவனித்துக் கற்கும் வாய்ப்பு அரிதாக இருந்தது.

முதுமை நோய்களுக்கான தனித்துறை என்னும் கருத்து அப்போது முற்றிலும் புதியது அன்று. அமெரிக்க மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் 1909 ஆம் ஆண்டிலேயே குழந்தை மருத்துவத்துக்கு இணையாக முதியோர் மருத்துவம் என்னும் துறைக்குப் பெயர் சூட்டியிருந்தார். எனினும் அது மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறைக்குள் நுழையவில்லை.

1929 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஏழையர் சட்ட நிறுவனங்களை மாவட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. இதன் தொடர்ச்சியாக 1935 ஆம் ஆண்டில், வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை தனக்கு அருகில் இருந்த ஏழையர் இல்லத்தின் நோயாளர் கூடங்களையும் ஏற்க நேர்ந்தது. அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு வாரனிடம் கொடுக்கப்பட்டது.

714 நோயாளிகள்

வாரனின் பொறுப்பில் வந்த நெடுநாள் நோயாளிகளின் எண்ணிக்கை 714 ஆகும். இவர்களுள் பெரும்பாலோர் முதியோர். பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தனர். மூட்டுவாதம் கண்டவர், பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தவர், மனக்குழப்பம் உடையவர், இறக்கும் தறுவாயில் இருப்பவர் என வெவ்வேறு நிலையில் இருந்தவர்கள் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் வைக்கப்பட்டிருந்தனர். பலருக்கு என்ன நோய் என்பதே முறையாகக் கண்டறியப்படவில்லை. உணவும் தூய்மையும் ஓரளவு கிடைத்தனவே தவிர, குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை.

வாரன் செய்த முதற்காரியம் எளிமையானது. அவர் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே முழுமையாகப் பரிசோதித்தார். நோய் என்ன, அது எவ்வளவு காலமாக உள்ளது, நோயாளியால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை, அவருக்கு வீடும் உறவினரும் உண்டா என்பவற்றை அறிந்துகொண்டார். முதுமை என்பது ஒரு நோய் அன்று என்பதும், நோயறிதல் இல்லாமல் ஒருவரைக் குணமாகாதவர் என்று முடிவு செய்யலாகாது என்பதும் இப்பணியின் வழியாக அவர் அடைந்த முடிவுகளாகும்.

நோயாளிகளை வகைப்படுத்தல்

பரிசோதனையின் அடிப்படையில் வாரன் நோயாளிகளை ஐந்து வகையினராகப் பிரித்தார்.

1. நெடுநாள் நோயாளிகளாயினும் படுக்கையை விட்டு எழுந்து நடமாடக் கூடியவர்கள்
2. படுக்கையில் இருப்பவர்கள், ஆனால் சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் திறன் உடையவர்கள்
3. படுக்கையில் இருப்பதோடு அத்திறனையும் இழந்தவர்கள்
4. மனக்குழப்பம் உடையவர்கள், ஆனால் அமைதியாக இருப்பவர்கள்
5. முதுமை மறதி நோய் முற்றி, பிற நோயாளிகளிடமிருந்து பிரித்துப் பராமரிக்க வேண்டியவர்கள்

இவ்வகைப்பாட்டில் நோயின் பெயரை விட நோயாளியின் செயல்திறனே முதன்மை பெறுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. எழுந்து நடக்கக் கூடியவரை முற்றிலும் படுத்த படுக்கையாக உள்ளவருக்கு அருகில் வைத்தால், முன்னவரும் நாளடைவில் படுக்கையிலேயே தங்கிவிடுவார். ஒரே நிலையில் உள்ளவர்களை ஒரே கூடத்தில் சேர்த்ததால், அவரவருக்குத் தேவையான செவிலியரையும் கருவிகளையும் ஒதுக்குவது எளிதாயிற்று.

நெடுநாள் படுக்கையின் தீமைகள்

படுத்திருப்பதே நோயாளிக்கு நல்லது என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. மருத்துவமனைகளில் முதியோர் வாரக்கணக்கில் படுக்கையில் வைக்கப்பட்டனர். இதன் விளைவுகள் பல.

- உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்துவதால் முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப்புண் உண்டாகும்.
- பயன்படுத்தப்படாத தசைகள் மெலியும். மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.
- மூச்சு ஆழமாக இழுக்கப்படாததால் நுரையீரலில் சளி தங்கி நிமோனியா ஏற்படலாம்.
- கால் சிரைகள் வழியே இரத்தம் மெதுவாக ஓடுவதால் அது உறைந்து கட்டியாகலாம்.
- மலச்சிக்கலும், சிறுநீரை அடக்க இயலாமையும் தோன்றும்.
- பேச்சுத்துணையின்றி ஒரே கூரையைப் பார்த்துக் கிடப்பதால் மனச்சோர்வும் குழப்பமும் மிகும்.

ஆகவே ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பதற்குக் காரணம் அவருடைய நோய் மட்டும் அன்று. படுக்கையும் ஒரு காரணமாக இருந்தது. இதனை உணர்ந்த வாரன், முடிந்தவரை விரைவாக நோயாளியைப் படுக்கையில் இருந்து எழுப்ப வேண்டும் என வலியுறுத்தினார். ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவரும் 1947 ஆம் ஆண்டில் படுக்கை ஓய்வின் தீமைகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். பிற்கால ஆய்வுகள் இதனை அளவிட்டுக் காட்டியுள்ளன. 2007 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல்நலத்தோடு இருந்த முதியோர் 10 நாட்கள் படுக்கையில் இருந்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோகிராம் தசை குறைந்தது.

கூடங்களில் செய்த மாற்றங்கள்

வாரன் நோயாளர் கூடங்களின் தோற்றத்தையும் மாற்றினார். மங்கிய நிறச் சுவர்களுக்கு வெளிர்மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது. விளக்குகள் கூட்டப்பட்டன. பழைய கட்டில்கள் அகற்றப்பட்டுப் புதியவை போடப்பட்டன. படுக்கைகளுக்குச் சிவப்பு நிறப் போர்வைகளும், பொருட்களை வைத்துக்கொள்ளச் சிறு பெட்டிகளும், வானொலி கேட்பதற்குக் காதணிக் கருவிகளும் கொடுக்கப்பட்டன. இவை அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. பார்வை மங்கியவர் வழி அறிந்து நடக்க வெளிச்சம் தேவை. தமக்கென ஒரு பெட்டி உள்ளவர் அதைத் திறக்கவேனும் எழுந்து உட்கார முயல்வார்.

பக்கவாத நோயாளிகளுக்கான பயிற்சி படிப்படியாக அமைந்தது. முதலில் படுக்கையிலேயே புரளவும் எழுந்து உட்காரவும், பின்னர் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு அமரவும், அதன்பின் பிடித்துக்கொண்டு நிற்கவும், இறுதியாக நடக்கவும் பழக்கினர். கால் துண்டிக்கப்பட்ட முதியோரின் மறுவாழ்விலும் வாரன் தனி ஈடுபாடு காட்டினார். வயதைக் காரணம் காட்டி அவர்களுக்குச் செயற்கைக்கால் பயிற்சியை மறுக்கக்கூடாது என்பது அவரது கருத்தாகும்.

செவிலியரின் பங்கு

வாரனின் முறையில் மருத்துவர் மட்டும் செயல்படவில்லை. செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்கினர். இக்குழுவில் நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவர் செவிலியரே. ஒரு நாளில் சிறிது நேரம் அளிக்கப்படும் உடற்பயிற்சியை விட, மீதி நேரத்தில் செவிலியர் நோயாளியை எவ்வாறு நடத்துகிறார் என்பதே பயனைத் தீர்மானிக்கும்.

இதனால் செவிலியரின் பணியே தன்மை மாறியது. முன்பு நோயாளிக்கு உணவூட்டுவது, உடை மாற்றுவது, படுக்கையைத் தூய்மை செய்வது என அனைத்தையும் செவிலியரே செய்தனர். புதிய முறையில், நோயாளி தாமாகவே உண்ணவும் உடுத்தவும் செவிலியர் துணை நின்றனர். இதற்கு முதலில் நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஊட்டிவிடுவதை விட, நடுங்கும் கையால் முதியவர் தாமே உண்பதற்குக் காத்திருப்பது கடினமான வேலையாகும். ஆயினும் நாளடைவில் நோயாளிகள் தம்மைத் தாமே கவனித்துக் கொள்ளத் தொடங்கியபோது செவிலியரின் சுமை குறைந்தது. குறித்த நேர இடைவெளிகளில் கழிவறைக்கு அழைத்துச் செல்வதால் சிறுநீர் அடக்கவியலாதவரின் எண்ணிக்கை குறையும். நிலையை அடிக்கடி மாற்றிப் படுக்க வைப்பதால் படுக்கைப்புண் தடுக்கப்படும்.

முதியோரைப் பராமரிப்பது தாழ்ந்த பணி எனக் கருதப்பட்டு வந்த காலத்தில், அதற்குத் தனித்திறமையும் பயிற்சியும் வேண்டும் என வாரன் எடுத்துரைத்தார். செவிலிய மாணவியர் அனைவரும் தம் பயிற்சியின் ஒரு பகுதியை முதியோர் கூடங்களில் கழிக்க வேண்டும் எனவும் விரும்பினார்.

விளைவுகள்

சிகிச்சை பெற்றோருள் ஒரு பகுதியினர் வீடு திரும்பினர். மருத்துவமனை தேவைப்படாத வேறு சிலர் முதியோர் விடுதிகளுக்குச் சென்றனர். காலப்போக்கில், நெடுநாள் முதிய நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை 240 ஆகக் குறைந்தது. காலியான படுக்கைகளுள் ஏறத்தாழ 200, நெஞ்சக நோயாளிகளின் சிகிச்சைக்கு வழங்கப்பட்டன. படுக்கைகள் குறைந்தபோதிலும், முன்பைவிடக் கூடுதலான நோயாளிகள் சேர்ந்து, சிகிச்சை பெற்று, வெளியேறினர்.

எழுத்துப் பணி

வாரன் தம் அனுபவங்களை மருத்துவ இதழ்களில் எழுதினார். 1943 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழிலும், 1946 ஆம் ஆண்டில் லான்செட் இதழிலும் வெளியான கட்டுரைகள் இவற்றுள் முதன்மையானவை. அக்கட்டுரைகளில் அவர் முன்வைத்த கருத்துகள் வருமாறு:

- முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறையாக ஏற்கப்பட வேண்டும்.
- அதற்கான பிரிவு, ஊருக்கு வெளியே தனித்து இராமல், பொது மருத்துவமனைக்கு உள்ளேயே அமைய வேண்டும். அப்போதுதான் நோயறியும் வசதிகளும் பிற துறை வல்லுநர்களும் முதியோருக்குக் கிடைப்பர்.
- மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியருக்கும் இத்துறையில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.
- முதுமை நோய்கள் குறித்து ஆராய்ச்சி நடத்தப்பட வேண்டும்.

கழகமும் தேசிய நலச்சேவையும்

1947 ஆம் ஆண்டில், டிரெவர் ஹவல் என்னும் மருத்துவரின் முயற்சியால் முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கம் தொடங்கப்பட்டது. வாரன் அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். நலத்துறை அமைச்சில் மருத்துவ அலுவலராக இருந்த அமுல்ரீ பிரபு அதன் முதல் தலைவரானார். இச்சங்கம் 1959 இல் பிரித்தானிய முதியோர் மருத்துவக் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சூலை 5, 1948 அன்று பிரித்தானியாவில் தேசிய நலச்சேவை தொடங்கியபோது, நாடெங்கும் இருந்த பழைய ஏழையர் இல்ல மருத்துவக் கூடங்கள் அரசின் பொறுப்பில் வந்தன. அவற்றில் இருந்த நெடுநாள் நோயாளிகளை என்ன செய்வது என்னும் கேள்விக்கு வாரனின் மருத்துவமனை ஒரு விடையாக அமைந்தது. அதன்பின் பல இடங்களில் முதியோர் மருத்துவ வல்லுநர்கள் நியமிக்கப்பட்டனர்.

மறைவு

1960 ஆம் ஆண்டில், செருமனியில் நடைபெறவிருந்த மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளச் செல்லும் வழியில், பிரான்சில் வாரன் பயணம் செய்த கார் விபத்துக்கு உள்ளானது. இதில் படுகாயமடைந்த அவர் செப்டம்பர் 5 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 62. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

தாக்கம்

வாரன் தொடங்கிய பணி பல முனைகளில் வளர்ந்தது. செவிலியரான டோரீன் நார்ட்டனும் உடன் பணியாற்றியோரும் மருத்துவமனைகளில் முதியோர் செவிலியம் குறித்து நடத்திய ஆய்வு 1962 இல் வெளியானது. அதிலிருந்து உருவான நார்ட்டன் அளவுகோல், படுக்கைப்புண் வரும் வாய்ப்பை முன்கூட்டியே அறிய உதவுகிறது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், கழிவை அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் வழங்கப்படும். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அந்நோயாளிக்கு ஆபத்து மிகுதி எனக் கொள்ளப்படுகிறது.

பெர்னார்டு ஐசக்ஸ் என்னும் மருத்துவர், அசைவின்மை, நிலைதடுமாறி விழுதல், கழிவை அடக்கவியலாமை, அறிவுத்திறன் குறைதல் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பெரும் சிக்கல்களாக வகுத்துக் கூறினார். இவை வாரன் தம் கூடங்களில் எதிர்கொண்ட அதே சிக்கல்களாகும்.

முதியவரின் உடல், மனம், செயல்திறன், குடும்பச்சூழல் ஆகிய அனைத்தையும் ஒரு குழுவினர் சேர்ந்து மதிப்பிடும் முறை, இன்று முழுமையான முதியோர் மதிப்பீடு எனப்படுகிறது. 9 நாடுகளில் 13,766 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 29 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, மருத்துவமனையில் இம்மதிப்பீட்டைப் பெற்ற முதியோர் உயிருடன் தம் சொந்த வீட்டில் வாழும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக உள்ளது எனக் கண்டது.

தமிழ்நாட்டில் இத்துறை பிற்காலத்தில் வேரூன்றியது. 1978 ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. இதற்குக் காரணமாக இருந்தவர் மருத்துவர் வ. செ. நடராசன் ஆவார். 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு தொடங்கப்பட்டது. 2024 இல் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மதிப்பீடு

வாரனின் முடிவுகள் ஒரே மருத்துவமனையின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய ஆய்வுமுறைகள் அக்காலத்தில் பரவலாக இல்லை. முதுமை மறதி நோய் முற்றியவர்களைத் தனியே பிரித்து வைக்கும் அவரது ஏற்பாடும் பின்னர் மறுபரிசீலனைக்கு உட்பட்டது. முதியோர் மருத்துவம் தனித்துறையாக இருப்பதா, பொது மருத்துவத்தோடு இணைந்து இயங்குவதா என்னும் விவாதமும் அவருக்குப் பின் நெடுங்காலம் தொடர்ந்தது.

எனினும் அவர் நிறுவிய அடிப்படைக் கொள்கையில் மாற்றம் ஏற்படவில்லை. வயது முதிர்ந்த ஒருவர் எழ முடியாமல் கிடக்கும்போது, முதுமையே காரணம் என்று விட்டுவிடாமல், அதற்குரிய நோயைத் தேடிக் கண்டறிய வேண்டும் என்பதே அக்கொள்கை. 1935 இல் அந்த 714 பேரும் பரிசோதிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், பின்னர் நடமாடி வீடு திரும்பியவர்களும் அதே படுக்கைகளிலேயே தம் வாழ்நாளை முடித்திருப்பர்.